கல்லாப்பெட்டிக்குக் காவல் எது? – தற்காப்புக் கருவிகள் ஓர் ஒப்பீடு

இளையாத்தங்குடியில் மளிகைக் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "கடை அடைக்க ராத்திரி ஒன்பதரை ஆகிவிடுகிறது, அண்ணே. வசூல் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு தனியாகத்தான் போகிறேன். வீட்டிலும் நானும் ஆச்சியும்தான். பிள்ளைகள் சிங்கப்பூரில். துப்பாக்கிக்கு லைசென்ஸ் போடலாமா? இல்லை, கல்லாவுக்கு அடியில் ஓர் அரிவாள் கிடந்தால் போதுமா?"

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. கடை வைத்திருக்கும் நம் எல்லோர் மனத்திலும் உள்ளதே. எனவே இதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

துவரம்பருப்பு கொள்முதல் செய்யும்போது நாம் முதல் மாதிரியைப் பார்த்தே மூட்டையை இறக்குவதில்லை. கையில் அள்ளிப் பார்க்கிறோம், கழிவு எவ்வளவு என்று கேட்கிறோம், இருப்பு வைத்தால் நிற்குமா என்று யோசிக்கிறோம். தற்காப்புக் கருவிக்கும் அப்படி நான்கு கேள்விகள் உண்டு.

1. தேவைப்படும் நொடியில் கைக்கு எட்டுமா?
2. பயிற்சி இல்லாதவரும் வயதானவரும் கையாள முடியுமா?
3. பறிபோனால் நமக்கு எதிராகத் திரும்புமா?
4. மறுநாள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அதற்கு நம்மால் பதில் சொல்ல முடியுமா?

நம் சீமையின் பாடம்

சிவகங்கைச் சீமை ஆயுதம் அறியாத நாடன்று. வளைந்த வளரியை எறிவதில் பேர் பெற்ற மண் இது. சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றதாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் சென்னை ஆளுநர் பிரகடனம் வெளியிட்டார்.

அதற்குப் பின்வந்த காலத்தில் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் பொருள் ஈட்டி நம் பெரியவர்கள் கட்டிய வீடுகளைப் பாருங்கள். ஆண்கள் கடல் கடந்திருக்க, பெண்களும் முதியவர்களும் இருந்து காத்த வீடுகள் அவை. உயர்ந்த அடித்தளம், கனத்த தேக்குக் கதவு, சன்னல்களுக்கு இரும்புக் கம்பி, திறந்த முற்றத்தின் மேல் கம்பி வலை, வளவைச் சுற்றிலும் தனித்தனிப் பூட்டுடைய அறைகள். வந்தவன் ஒன்றைத் தாண்டினால் அடுத்தது நிற்கும். தாண்டுவதற்குள் வீடு விழித்துக்கொள்ளும். ஆளைத் தாக்குவதைவிட நேரத்தைச் சம்பாதிப்பதே காவல் என்ற பாடம் அந்த வீட்டமைப்பிலேயே இருக்கிறது.

சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்?

தற்காப்பு உரிமை, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 34 முதல் 44 வரையான பிரிவுகளில் உள்ளது. நம் உயிரையும் உடலையும் பொருளையும் மட்டுமன்றிப் பிறருடையதையும் காக்க நமக்கு உரிமை உண்டு.

அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. இதை 37ஆம் பிரிவு சொல்கிறது. பொருளைக் காக்கும்போது எதிரியின் உயிர் போனாலும் குற்றமாகாத நிலைகளை 41ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. வழிப்பறி, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் அல்லது சரக்கு வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமாக அஞ்ச வேண்டிய நிலையில் நடக்கும் திருட்டு, அத்துமீறல் ஆகியவை அவை. அந்நிலைகளிலும் தேவைக்கு மேல் போகக் கூடாது என்ற எல்லை அப்படியே நிற்கும். கடையில் சோப்பு எடுத்துக்கொண்டு ஓடும் பையன் இந்த வரிசையில் வர மாட்டான்.

அடி விழும் நேரத்தில் யாரும் கணக்குப் பார்த்துக் கை ஓங்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் அறியும். 2010ஆம் ஆண்டு தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்பு உரிமையின் நெறிகளைத் தொகுத்துச் சொன்ன நீதிமன்றம், தாக்கப்படுபவர் கோழைபோல் ஓட வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. ஆனால் ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். 1963ஆம் ஆண்டு ஜெய் தேவ் வழக்கிலேயே இது உறுதி செய்யப்பட்டது. முதுகு காட்டி ஓடுபவனை வெட்டினால் அது தற்காப்பாகாது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி அடிப்பதும் ஆகாது. கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். பிடித்தவனைத் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள், போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம்.

இனி ஒவ்வொரு கருவியாகப் பார்ப்போம்.

துப்பாக்கி

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தேவைக்குக் காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

உரிமம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அதைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைக்க வேண்டும். பூட்டி வைத்தால் நொடியில் கைக்கு வராது. பூட்டாமல் வைத்தால் பேரப்பிள்ளை கையிலோ திருடன் கையிலோ முதலில் அகப்படும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கூட்டமாக வருபவர்களிடமும் துப்பாக்கி இருக்கலாம். 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் வீடு புகுந்த கொள்ளைக் கும்பல், கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனத்தைச் சுட்டுக் கொன்றது. தூக்கத்திலிருந்து எழுபவரின் கையைவிடத் திட்டமிட்டு வந்தவனின் கைதான் முந்தும். நான்கு கேள்விகளில் மூன்றில் துப்பாக்கி தோற்கிறது.

அரிவாளும் கத்தியும்

உழவுக்கும் அடுப்படிக்கும் உரிய அரிவாளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்தது தேங்காய் உடைக்கவா, ஆளை வெட்டவா என்ற கேள்வி நீதிமன்றத்தில் வரும்.

நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இப்படித்தான் ஓர் அரிவாள் வைத்திருந்தார். பல ஆண்டுகளாகத் திருடன் எவனும் வரவில்லை. பாக்கிக்காரர் ஒருவர் வந்தார். வார்த்தை தடித்தது. அவர் சட்டையைப் பிடித்தார். இவர் கை அடியில் போயிற்று. அவருக்கு இரண்டு விரல்கள் போயின. இவருக்குக் கடையே போயிற்று. ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் சரக்கை விற்றார். பாக்கித் தொகை நான்காயிரத்துக்கும் குறைவு. அரிவாள் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் அது ஒரு கைகலப்போடு முடிந்திருக்கும் என்று இன்றும் சொல்லி வருந்துகிறார். நம் கடைக்குத் திருடன் வருவது அபூர்வம். கோபம் வருவது வாரம் ஒருமுறை. பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதை இந்தக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரும்புக் கடை வைத்திருப்போர் கவனத்துக்கு ஒரு சொல். அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயர், முகவரி, என்ன தேவைக்கு என்பதைப் பதிவு செய்யுமாறு 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை பட்டறைகளையும் கடைகளையும் கேட்டுக்கொண்டது. அந்தப் பதிவேடு உங்களுக்கே காப்பு.

கம்பு

லத்தி, சாதாரணக் கைத்தடி போன்றவற்றை ஆயுதச் சட்டமே ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. விலை மலிவு, வயதானவர் கையில் இருப்பதும் இயல்பு. கத்திக்கும் நமக்கும் நடுவே இடைவெளியை வைத்திருக்கக் கம்பைப் போல் உதவுவது வேறில்லை. சிலம்பக் கம்பை மூட்டைகளுக்கு நடுவே சுழற்ற இடம் இராது. இடுப்பளவு உயரமுள்ள உறுதியான தடி போதும். ஓங்கி அடிப்பதைவிட முனையை முன்நீட்டி, வருபவனின் நெஞ்சுக்கு நேரே நிறுத்துவது நல்லது. பறிபோனாலும் அரிவாள் அளவுக்கு ஆபத்தில்லை.

மிளகாய்ப்பொடியும் மிளகுத் தெளிப்பானும்

மிளகாய்ப்பொடி நம் கடையிலேயே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது காற்றடித்தால் நம் கண்ணுக்கே வரும். மூடிய அறையில் இருவரையும் வீழ்த்தும். தெளிப்பான் அதைவிடக் குறி தவறாதது. தனி உரிமம் தேவையில்லை. சில அடி தூரம் பாயும். இரவில் தனியே நடப்பவருக்கும் கடையில் இருக்கும் பெண்களுக்கும் ஏற்றது. கைப்பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. கையில் இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெளித்த உடனே விலகி ஓட வேண்டும். நின்று சண்டை போடக் கூடாது.

மின்சாரம் கூடவே கூடாது

ஷட்டரிலோ வேலியிலோ மின்சாரம் பாய்ச்சி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதற்குத் திருடன் யார், பால்காரர் யார், நம் வீட்டுப் பிள்ளை யார் என்று தெரியாது. உயிர் போனால் நம்மீது குற்ற வழக்கு வரும்.

விளக்கும் குரலும்

2019 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரவில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை முகமூடி அணிந்த ஒருவன் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினான். இன்னொருவனும் அரிவாளோடு வந்தான். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி கையில் கிடைத்த செருப்பை வீசினார். பிளாஸ்டிக் நாற்காலியை வீசினார். பிடியிலிருந்து விடுபட்ட கணவரும் நாற்காலியை எடுத்தார். அரிவாளோடு வந்த இருவரும் ஓடினார்கள். அந்த அம்மாளின் கையில் வெட்டுப்பட்டது, சங்கிலியும் போயிற்று. ஆனால் இருவரும் உயிர் பிழைத்தனர். அந்தச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவர்களுக்கு வீர விருது வழங்கியது.

அவர்கள் துணிவைப் போற்றுகிறோம். பாடத்தையும் பார்க்க வேண்டும். நாற்காலி கைக்கு எட்டியது, இடைவெளியை உண்டாக்கியது, ஒருவர் மற்றவருக்குத் துணையாக வந்தார், வாசலில் வெளிச்சமும் கேமராவும் இருந்தன. எந்த ஆயுதக் கடையிலும் விற்காத பொருள்கள் இவை. திருடன் அஞ்சுவது வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஆள் வருவதற்குமே.

உறுப்பினருக்கு நம் பதில்

அண்ணே, உங்களுக்குத் துப்பாக்கியும் வேண்டாம், அரிவாளும் வேண்டாம். அந்த ஆசையை விட்டுவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

1. வசூலை மாலைக்குள் வங்கியில் கட்டுங்கள். இரவு மடியில் இருப்பது மறுநாள் சில்லறைக்கு உரியதாக மட்டும் இருக்கட்டும்.
2. பக்கத்துக் கடைக்காரரும் நீங்களும் ஒரே நேரத்தில் அடையுங்கள், சேர்ந்து நடங்கள். ஒரே வழியில் ஒரே நேரத்தில் தினமும் போகாதீர்கள்.
3. ஒரு கையில் பிரகாசமான டார்ச், மறு கையில் தடி. கத்தியைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை ஒரு வாரத்தில் சம்பாதிக்கலாம்.
4. உங்கள் வீடு முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நீண்டது. இருவர் காவல் காக்க முடியாது. வளவு அறைகளில் ஒன்றைத் தேர்ந்து அதில் படுங்கள். உள்தாழ்ப்பாளைப் புதிதாகப் போடுங்கள். செல்பேசி, டார்ச், தடி, குடிநீர் அங்கே இருக்கட்டும். இரவில் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்க்காதீர்கள். தாழிட்டுக்கொண்டு 100 அல்லது 112ஐ அழையுங்கள். பிறகு பக்கத்து வீட்டை அழையுங்கள். உரக்கக் குரல் கொடுங்கள்.
5. முகப்பிலும் பின்வாசலிலும் அசைவைக் கண்டால் எரியும் விளக்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் மணியும் வையுங்கள். குரைக்கும் நாய் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.
6. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போனால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஒரு துப்பாக்கியின் விலைக்கு வராது. ஒரு வழக்கின் வக்கீல் கட்டணத்துக்கும் வராது.

வணிகப் பெருமக்கள் அனைவரும் இன்றிரவு கடை அடைக்கும்போது கல்லாவுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே அரிவாள் கிடந்தால் எடுத்துத் தேங்காய் உடைக்கும் இடத்தில் வையுங்கள். அதன் இடத்தில் ஒரு டார்ச்சை வையுங்கள். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து சேர்ந்தே அடைப்போம்" என்று சொல்லுங்கள்.