கட்டட வேலையும் நாட்கணக்கும்

நெல் கிடங்கு முதலிய கட்டடங்களை மேற்கொள்ளும் சங்கங்கள் செலவுக்கு எஸ்டிமேட் தயாரிப்பதில் காட்டும் சிரத்தையை நாட்கணக்கில் காட்டுவது அரிது. கட்டடம் தாமதித்தால் கடனுக்கு வட்டி ஏறும். அறுவடை வந்தும் கிடங்கு முடியாவிடில், நெல்லை வந்த விலைக்கு விற்க அங்கத்தினர்கள் நிர்ப்பந்திக்கப்படுவர். ஆகவே நாட்கணக்கின் முறையை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

1. ஒவ்வொரு வேலைக்கும் நாள் மதித்தல்

ஒரே மதிப்பை நம்புதல் கூடாது. சுவர் எழுப்புவதற்கு எல்லாம் அனுகூலமானால் 12 நாள், சாதாரணமாக 16 நாள், செங்கல் வரத்துத் தடைப்பட்டால் 26 நாள் ஆகுமென்று மேஸ்திரி சொல்வதாக வைத்துக்கொள்வோம். நடு மதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 17 நாள் வரும். இம்முறை 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினர் தங்கள் வேலைத் திட்டத்தில் கையாண்டதாகும்.

2. எது எதற்குப் பின் என்று வரிசைப்படுத்தல்

கடைக்கால் தோண்டுதல் 4 நாள், அஸ்திவாரம் 10, சுவர் 17, தளத்துக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டுதல் 8, காங்கிரீட் போடுதல் 1, நீர் கட்டி, முட்டுப் பிரிக்காமல் விடுதல் 14, பூச்சும் தரையும் 10, கதவு மாட்டுதல் 2. ஆக 66 நாள்.

தச்சர் முதல் நாளே தொடங்கி, நிலைகளை 12 நாளிலும் கதவுகளை மேலும் 10 நாளிலும் முடிப்பார். சுவர் வேலை 15-ஆம் நாள் தொடங்குவதால் நிலைகளுக்கு 2 நாள் சாவகாசம் உண்டு. அவை 5 நாள் தாமதித்தால் கட்டடம் முழுவதும் 3 நாள் பின்தங்கும். கதவுகளோ 65-ஆம் நாள்தான் தேவை. அவற்றுக்கு 42 நாள் சாவகாசம் உண்டு. முன் சொன்ன 66 நாள் வரிசையில் சாவகாசமே இல்லை. அதில் எந்த வேலை ஒரு நாள் பிந்தினாலும் முடிவும் ஒரு நாள் பிந்தும். பஞ்சாயத்தாரின் கண் அதன்மேலேயே இருக்க வேண்டும்.

3. நாட்களைக் குறைத்தல்

கடைக்காலை 4 ஆட்கள் 4 நாளில் தோண்டினால், 8 ஆட்கள் 2 நாளில் தோண்டக்கூடும். ஆனால் 16 ஆட்களை இறக்கினால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பரேயன்றி ஒரே நாளில் முடித்துவிடமாட்டார்கள். சிமெண்டு இறுகும் நாட்களையோ எத்தனை ஆட்களாலும் குறைக்க இயலாது. அவசரப்பட்டு முட்டைப் பிரித்தால் தளம் தொய்யும், உயிருக்கும் ஆபத்து. தச்சருக்கு ஆள் கூட்டிக் கதவுகளை விரைவில் முடிப்பதும் வீண் செலவே.

4. பஞ்சாங்கத்தில் குறித்தல்

66 நாளில் இறுகும் 14 நாளைக் கழித்தால் 52 வேலை நாள். வாரம் ஒரு நாள் ஓய்வென்றால் 8 நாள் கூடி, மொத்தம் 74 நாளாகும். ஆகவே குறுவை நெல்லுக்காகப் புரட்டாசி முதல் தேதி கிடங்கைத் திறக்க வேண்டுமானால், ஆனி மூன்றாம் வாரத்திலேயே மண்வெட்டி போட வேண்டும். மழை நாட்களுக்கென்று இன்னும் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குதல் விவேகம்.

5. சங்கம் செய்ய வேண்டியது

காரியதரிசி இவ்வரிசையை ஒரு தாளில் எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். வாரந்தோறும் முடிந்த வேலையையும் மீதி நாட்களையும் அதில் குறித்து வரவேண்டும். கண்டிராக்டரின் ஒப்பந்தத்தில் தொகையோடு இந்தத் தேதிகளையும் எழுதிக்கொள்ளுதல் நலம். தாமதம் முதல் வாரத்திலேயே தெரிந்தால் அதற்குப் பரிகாரம் தேடலாம். அறுவடை நாளில் தெரிந்தால் நஷ்டம் அங்கத்தினர்களையே சாரும்.