படம் வந்தது, பழி வந்தது

ஒரு வீடியோ. மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். பார்த்தால் நெஞ்சு பதறும்.

இது பாகிஸ்தானில் கராச்சி நகரில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள்.

2018ஆம் ஆண்டில் இந்த வீடியோ நம் நாட்டில் செல்போன்களில் பரவியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வதந்தியும் பரவியது.

ஜூலை 1. மகாராஷ்டிராவில் துலே மாவட்டம், ராயின்பாடா கிராமம். பிச்சை கேட்டுப் பிழைக்கும் நாடோடி மக்கள் ஐந்து பேர் வந்தார்கள். கூட்டம் அவர்களைச் சந்தேகப்பட்டது. அடித்தே கொன்றுவிட்டது.

செய்தி வந்தால் கேட்போம்: எந்த ஊர்? எந்த நாள்? சொன்னது யார்? தெரியாவிட்டால் பிறருக்கு அனுப்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் 112க்குப் போன் செய்வோம். யாரையும் அடிக்க நமக்கு உரிமை இல்லை.