எண்ணும் விண்ணும் இன்பமும்

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, கணிதம்)

கணிதம் வேறு, சோதிடம் வேறு என்பது இன்று நமக்குத் தெளிவு. ஆனால் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலமாகிய 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இவ்விரண்டுக்கும் இடையே சுவர் எழவில்லை. இலத்தீன் மொழியில் 'மாத்தமாத்திக்குஸ்' என்ற ஒரே சொல் கணித அறிஞரையும் சோதிடரையும் குறித்தது. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ மாணவரும் சோதிடம் பயின்றனர். கோளின் இடத்தைக் கணக்கிட வல்லவர் மனிதனின் நாளையையும் கணக்கிட வல்லவர் என்பதே அன்றைய நம்பிக்கை. அப்படியாயின் மனிதனின் இன்பம் யார் கையில் இருக்கிறது? இவ்வினாவுக்கு இத்தாலியர் மூவர் தந்த விடைகளைக் காண்போம்.

முதலாமவர் பிளாரன்ஸ் நகரத்து மார்சிலியோ ஃபிச்சீனோ (1433–1499). பிளேட்டோவின் நூல்கள் அனைத்தையும் இலத்தீனில் பெயர்த்த பெருமை இவருக்கு உண்டு. தம் மனச்சோர்வுக்குப் பிறந்த வேளைச் சனியே காரணம் என்று இவர் நம்பினார். ஆயினும் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. இசை, நறுமணம், கதிரொளி, அளவான உணவு ஆகியவற்றால் அச்சனியின் கடுமையைத் தணிக்கலாம் என்று 1489இல் வெளியிட்ட 'வாழ்வு பற்றிய மூன்று நூல்கள்' என்ற படைப்பில் வழி கூறினார். இவர் விதியை மறுக்கவில்லை; அதனோடு இணங்கி வாழக் கற்பித்தார்.

இரண்டாமவர், இவருடைய இளைய நண்பர் பிக்கோ டெல்லா மிராந்தோலா (1463–1494). மற்ற உயிர்களின் இயல்பு வரையறுக்கப்பட்டது. மனிதன் மட்டுமே தன்னைத் தானே வடித்துக்கொள்ளும் உரிமை பெற்றவன் என்று 1486இல் எழுதிய உரையில் முழங்கினார். பின்னர்ச் சோதிடத்தை எதிர்த்துப் பெருநூல் ஒன்று எழுதினார். அவர் மறைந்த பின்னரே அது அச்சேறியது. அவரது வாதம் எளிமையானது: விண்ணிலிருந்து வருவன ஒளியும் வெப்பமும், அவை எல்லார் மீதும் பொதுவாகப் பொழிகின்றன. பொதுவான காரணம் ஒன்று ஒருவனை அறிஞனாகவும் மற்றொருவனை மூடனாகவும் எவ்வாறு ஆக்கும்? அரிஸ்டாட்டில் பெற்றது சிறந்த விண்மீன் அன்று, சிறந்த அறிவே என்பது அவர் முடிவு.

மூன்றாமவர் ஜெரோலாமோ கார்டானோ (1501–1576). கணித மாணவராகிய நமக்கு மிக நெருங்கியவர். முப்படிச் சமன்பாடுகளின் தீர்வை 1545இல் 'பெருங்கலை' என்னும் நூலில் வெளியிட்டவர். 10ஐ இரு பகுதிகளாக்கி அவற்றின் பெருக்கற்பலன் 40 ஆகவேண்டும் என்ற கணக்கில், குறை எண்ணின் வர்க்கமூலத்தைத் துணிந்து கையாண்டவர். இவரே புகழ்பெற்ற சோதிடரும் ஆவார். 1552இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டின் சாதகத்தைக் கணித்து, 55 வயதைத் தாண்டியும் வாழ்வார் என்றார். மன்னரோ மறு ஆண்டே 15 வயதில் மறைந்தார்! கார்டானோ விளக்கங்கள் எழுதினாரேயன்றிச் சோதிடத்தைக் கைவிடவில்லை.

அதே கார்டானோதான் பகடையாட்டம் பற்றியும் நூல் எழுதினார். இரு பகடைகள் விழக்கூடிய வகைகள் 36 என்று எண்ணி, வாய்ப்புகளை ஒப்பிட்டார். 1663இல் அச்சான அந்நூல் நிகழ்தகவுக் கணிதத்தின் முன்னோடிகளுள் ஒன்று. இங்கேதான் உண்மையான பிரிவினை இருக்கிறது. சாதகம் ஒரு தனி மனிதனின் நாளையை அறிவேன் என்கிறது. நிகழ்தகவோ பல எறிதல்களின் போக்கைச் சொல்லி, அடுத்த எறிதலைப் பற்றி அடக்கமாக நின்றுவிடுகிறது. தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று சொல்வதே கணிதத்தின் நேர்மை.

முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் கார்டானோ இன்பத்துக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஓய்வு, தன்னடக்கம், உறக்கம், நடை, சிந்தனை போன்றவற்றை அங்கே வரிசைப்படுத்துகிறார். நாளும் கோளும் பாராமல் எவரும் அடையத்தக்கவை இவை!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பிறந்த வேளையே வாழ்வை முடிவுசெய்கிறது என்பதும், பிறந்த வீடே முடிவுசெய்கிறது என்பதும் எனக்கு ஒரே வாதத்தின் இரு வடிவங்களாகவே படுகின்றன. இரண்டுக்கும் பிக்கோவின் விடை ஒன்றே. எண்ணைக் கற்பது நம்மைக் கட்டிப்போட அன்று, கட்டவிழ்க்கவே என்பதை நாம் உணர்வோமாக!