நால்வர் அணியின் பத்து நிமிடப் போர்: பெற்றோருக்கு ஓர் அறிமுகப் பாடம்

மூணாற்றுக்குக் கீழே மலைச்சரிவில் அமைந்த பள்ளிவாசலுக்குக் கேரள வரலாற்றில் தனி இடம் உண்டு. முத்திரப்புழை ஆற்றின் நீரைக் குழாய்வழி இறக்கி, 1940ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு தனது முதல் நீர்மின் நிலையத்தை இங்கே இயக்கத் தொடங்கியது. எண்பது ஆண்டுகள் கழித்து, நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. இம்மலையின் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கும் திறன்பேசி தவிர்க்க இயலாத பொருளாயிற்று. பின்னர்ப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். திறன்பேசியோ வீட்டிலேயே தங்கிவிட்டது.

இன்று மாலை வேளைகளில் லயத்து வாசற்படியில் நான்கு சிறுவர்கள் தலை குனிந்து அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். "பின்னால வர்றான், பின்னால வர்றான்" என்று ஒருவன் கூவுகிறான். மற்றொருவன் "நான் பாத்துக்கிறேன்" என்கிறான். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு அவர்கள் பேசுவது விளங்குவதில்லை. ஆனால் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் அவருடைய கைப்பேசி. அதனோடு இணைந்திருப்பது அவருடைய கூலியும் போனசும் வந்து சேரும் வங்கிக் கணக்கு. ஒரு வங்கியின் இதழ் கணினி விளையாட்டைப் பற்றிப் பாடம் நடத்த முற்படுவதன் காரணம் இதுவே. விதி தெரியாத ஆட்டத்துக்கு எல்லை வகுக்க எவராலும் இயலாது. எனவே முதலில் விதியைக் கற்போம். பிறகு எல்லையைப் பேசுவோம்.

அணிச் சமர் என்பது யாது?

சிறுவர்கள் 'டி.டி.எம்.' என்று சுருக்கிச் சொல்வது 'டீம் டெத்மேட்ச்' என்னும் ஆட்ட முறையை. நாம் அதனை அணிச் சமர் என அழைப்போம். 1993இல் வெளிவந்த 'டூம்' என்னும் அமெரிக்க விளையாட்டில், அதை உருவாக்கியோருள் ஒருவரான ஜான் ரோமெரோ 'டெத்மேட்ச்' என்னும் பெயரைச் சூட்டினார். அங்கே ஒவ்வொருவரும் மற்றவர்க்குப் பகைவர். அதே போரை இரண்டு அணிகளாகப் பிரித்து ஆடும் முறை பின்னர் நிலைபெற்றது.

நம் நாட்டில் இம்முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 'பப்ஜி மொபைல்'. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு முடக்கிய 118 செயலிகளுள் அதுவும் ஒன்று. அதன் இந்திய வடிவமாகத் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வை வெளியிட்டது. அதுவும் 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் அனுமதி பெற்றது.

அதில் உள்ள அணிச் சமரின் விதிகள் எளியவை. அணிக்கு நால்வர். ஆடுகளம் சிறியது, 'வேர்ஹவுஸ்' எனப்படும் கிடங்குக் களமே புகழ்பெற்றது. எதிரணியினர் ஒருவரை வீழ்த்தினால் அணிக்கு ஒரு புள்ளி. 40 புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெல்லும். பத்து நிமிடத்துக்குள் எவரும் எட்டாவிடில், கூடுதல் புள்ளி பெற்ற அணி வெல்லும். வீழ்ந்தவர் சில நொடிகளில் தம் பக்கத்து முனையில் மீண்டும் உயிர்பெற்று வருவார். எழுந்த கணத்திலேயே சுடப்படாதிருக்கச் சிறிது நேரப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு.

சடுகுடுவோடு ஒப்பிடுவோம்

இதனை விளங்கிக்கொள்ள நம் சடுகுடுவே போதும். கபடியிலும் தொடப்பட்டவர் வெளியேறுகிறார். மீண்டும் உள்ளே வருகிறார். அங்கே அவரை உயிர்ப்பிப்பது தோழரின் வெற்றி. தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால்தான், வெளியே அமர்ந்திருப்பவர் வரிசைப்படி உள்ளே வர இயலும். அணிச் சமரில் வீழ்ந்தவரை உயிர்ப்பிப்பது கடிகாரம். எவரும் எதுவும் செய்யாவிடினும் அவர் திரும்பி வருவார்.

புதிதாக ஆடுபவர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். உயிர் தானே திரும்பி வருவதால், வீழ்வதில் இழப்பு ஏதும் இல்லை என்று எண்ணிவிடுகிறார். ஆனால் அவர் வீழ்ந்த ஒவ்வொரு முறையும் எதிரணியின் கணக்கில் ஒரு புள்ளி ஏறுகிறது. அணிச் சமரில் எடுப்பது வரவு, வீழ்வது செலவு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அண்ணன் 14 பேரை வீழ்த்தி, தான் 16 முறை வீழ்கிறான். தம்பி 6 பேரை மட்டுமே வீழ்த்தி, 3 முறை வீழ்கிறான். ஆட்டம் முடிந்ததும் தெருவில் பெருமை பேசுபவன் அண்ணன். கணக்கைப் பார்த்தால் அண்ணனால் அணிக்கு இரண்டு புள்ளி நட்டம். தம்பியால் மூன்று புள்ளி இலாபம்.

தொடக்க ஆட்டக்காரர்க்குச் சில நெறிகள்

முதலாவது, தனித்து ஓடாதிருத்தல். இருவர் இருவராக நகர்ந்தால், ஒருவர் சுடப்படும்போது சுட்டவர் எங்குள்ளார் என்பது மற்றவர்க்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மறைவு. கிடங்குக் களத்தில் பெட்டிகளும் சுவர்களும் நிறைந்துள்ளன. நடுவெளியில் நின்று சுடுபவரினும், பெட்டியின் ஓரத்தில் பாதி உடலை மறைத்துச் சுடுபவர் நெடுநேரம் நிலைப்பார். துப்பாக்கியில் குண்டு நிரப்பும் வேலையை மறைவில் மட்டுமே செய்தல் வேண்டும்.

மூன்றாவது, செவி. காலடி ஓசை எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காதொலிக் கருவி காட்டிக்கொடுக்கும். தேர்ந்தவர்கள் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிகிறார்கள்.

நான்காவது, சொல். "அங்கே இருக்கிறான்" என்பதால் தோழர்க்குப் பயனில்லை. "இடப்பக்கம், சிவப்புப் பெட்டிக்குப் பின்னால், ஒருவன்" என இடம், அடையாளம், எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

ஐந்தாவது, பயிற்சி. செயலியிலேயே பயிற்சிக் களம் உண்டு. எதிரிகள் இல்லாத அவ்விடத்தில் குறி பார்க்கும் பழக்கத்தையும், விரல் அசைவுக்கேற்பத் திரை நகரும் வேகத்தையும் சீர்செய்துகொண்ட பிறகே அணியில் சேர்வது நன்று.

மலைவாழ் மக்கள் அறிய வேண்டிய ஆறாவது ஒன்றும் உண்டு. கைப்பேசியிலிருந்து செய்தி ஆட்டத்தின் வழங்கிக்குச் சென்று திரும்பும் காலத்தை 'பிங்' என்பர். அதை மில்லி விநாடியில் அளப்பர். அது கூடினால், திரையில் நாம் காணும் எதிரி உண்மையில் அவ்விடத்தை விட்டு நகர்ந்திருப்பான். மலைமடிப்பில் அலைவரிசை குன்றும் இடங்களில் பிள்ளைகள் தோற்பது திறமைக் குறைவால் மட்டுமன்று. இது தெரியாத சிறுவன், "இந்தத் துப்பாக்கி சரியில்லை; அந்த விலையுயர்ந்த துப்பாக்கி வேண்டும்" என்று எண்ணத் தலைப்படுகிறான். பணத்தைப் பற்றிய பேச்சு இங்கிருந்தே தொடங்குகிறது.

கடையில் விற்பது யாது?

செயலியைப் பதிவிறக்கக் கட்டணம் இல்லை. அணிச் சமர் ஆடவும் கட்டணம் இல்லை. விற்கப்படுவன பெரும்பாலும் உடைகளும் துப்பாக்கியின் மேற்பூச்சுகளும். அவற்றை வாங்க 'யூ.சி.' என்னும் செயலி நாணயத்தை முதலில் உண்மைப் பணத்தால் பெற வேண்டும். பொன் முலாம் பூசிய துப்பாக்கியும் வெறும் துப்பாக்கியும் ஒரே வலிமையுடன்தான் சுடும். ரூபாய் நாணயமாகவும், நாணயம் உடையாகவும் மாறும் இரண்டு படிகளுக்கு நடுவே, செலவான தொகை எவ்வளவு என்பது பிள்ளையின் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

2021இல் செயலி வெளிவந்தபோது அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 18 வயது நிரம்பாதவர் பெற்றோரின் ஒப்புதலுடன் நாளுக்கு 3 மணி நேரம் மட்டுமே ஆடலாம். செலவுக்கு நாளொன்றுக்கு 7,000 ரூபாய் உச்சவரம்பு. அந்த உச்சவரம்பு ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாள் கூலி என்பதை நாம் மறத்தலாகாது. மேலும், வயதைக் கூட்டிச் சொல்லும் சிறுவனை அந்த விதிகள் கட்டுப்படுத்தா. ஆகவே எல்லையை நிறுவனத்திடம் விட்டுவிடாமல் வீட்டிலேயே வகுத்துக்கொள்ளுதல் நலம்.

கணக்கைக் காக்கும் வழிகள்

யூ.பி.ஐ. பின் எண்ணைப் பிள்ளைகள் அறியாதவாறு வைத்திருங்கள். அது உங்கள் பிறந்த ஆண்டாகவோ கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமாகவோ இருந்தால் இன்றே மாற்றுங்கள். செயலி அங்காடியில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். தானாகப் பணம் செலுத்தும் ஒப்புதல்கள் ஏதேனும் உள்ளனவா என்று யூ.பி.ஐ. செயலியில் பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள்.

பாதி விலைக்கு யூ.சி. தருவதாகச் சொல்லி வரும் செய்திகள் சிறுவர்களைக் குறிவைத்து விரிக்கப்படும் வலை. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்னும் ஒரு வரியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளை அறியாமல் ஏதேனும் வாங்கிவிட்டால், கூகுள் பிளே அங்காடியில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கோரி விண்ணப்பிக்கலாம். மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 நாளிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இல்லாமல் வெளியாரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளர்க்குப் பொறுப்பில்லை. ஆனால் கடவு எண்ணைத் தாமே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். அணிச் சமரில் வீழ்ந்தவர் எழுவார். பின் எண்ணோடு போன பணம் அவ்வாறு எழுவதில்லை.

செலவழிக்கக் கற்பிக்க விரும்பும் பெற்றோர்க்கு வேறொரு வழியும் உண்டு. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, பத்து வயது நிரம்பிய சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கி, வங்கி வகுக்கும் வரம்புக்குள் தாமே இயக்கலாம். இருப்புக்கு மேல் எடுக்க அதில் இடமில்லை. பொங்கலுக்குக் கிடைத்த 500 ரூபாயை உடைக்குச் செலவழிப்பதா, காலணிக்குச் செலவழிப்பதா என்று பிள்ளை தானே எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டம் சொல்வது

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் பிரித்துக் காண்கிறது. முன்னதை ஊக்குவிக்கிறது, பின்னதைத் தடைசெய்கிறது. அத்தகைய ஆட்டங்களுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைபோதலும் கூடாது. நுழைவுத் தொகை கட்டி அணிச் சமர் ஆடினால் பரிசுப் பணம் தருவதாக எவரேனும் அழைத்தால் விலகிக்கொள்வதே அறிவுடைமை.

துப்பாக்கி ஆட்டம் என்பதால் தயங்கும் பெற்றோரின் கவலையும் நியாயமானதே. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் மின்விளையாட்டு பதக்கப் போட்டியாயிற்று; அங்கே பப்ஜி மொபைலுக்கென அமைத்த சிறப்பு வடிவத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் சுடாமல் இலக்குகளையே சுட்டனர். சிறு வயதினர்க்கு எது ஏற்றது என்பதை அவரவர் வீட்டில் முடிவு செய்தல் வேண்டும்.

நேரத்தை ஆட்டத்தால் அளப்போம்

"ஆறு மணிக்கு நிறுத்து" என்னும் கட்டளை பெரும்பாலும் சண்டையில் முடிகிறது. ஆறு மணிக்கு ஆட்டம் பாதியில் இருக்கும். எழுந்து சென்றால் மூன்று தோழர்கள் நால்வரை எதிர்க்க நேரும். பிள்ளையின் தயக்கத்தில் பிடிவாதத்தோடு நட்புக் கடமையும் கலந்திருக்கிறது. அதனால் மணிக்குப் பதிலாக ஆட்டத்தை எண்ணுங்கள். பத்து நிமிட ஆட்டம் மூன்று என்றால் ஏறத்தாழ அரை மணி நேரம். மூன்றாவது முடிந்ததும் கைப்பேசி உங்கள் கைக்கு வர வேண்டும். இந்த ஒப்பந்தம் ஆட்டத்தின் விதியை மதிக்கிறது. அதனால் பிள்ளையும் அதை மதிக்க வழி பிறக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் அருகில் அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுமையாகக் காணுங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரை வீழ்த்தினாய், எத்தனை முறை வீழ்ந்தாய்? உன் தோழருள் இன்று நன்றாக ஆடியவர் யார்? நீ அணிந்திருக்கும் உடைக்கு எவ்வளவு ஆயிற்று, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? முதல் இரண்டையும் கேட்ட பெற்றோரிடம் மூன்றாவதற்கும் மறைக்காமல் விடை சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வரும்.