மேலிடத்தின் மேல் மனக்கசப்பு

கேள்வி: பதவி உயர்வில் மேலிடம் தலையிட்டதென்று ராஜினாமா செய்த படைத் தளபதி யாராவது உண்டா?
- வாசகர், டெங்கில்

பதில்: உண்டு. இந்தியத் தரைப்படைத் தளபதி ஜெனரல் திம்மையா, 1959 ஆகஸ்ட் 31 அன்று ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பி.எம். கௌல் என்ற படை அதிகாரி லெப்டினன்ட் ஜெனரலாக உயர்த்தப்பட்டது பிணக்கை முற்ற வைத்தது. பிரதமர் நேரு சமாதானம் பேச, திம்மையா கடிதத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் அதே நேரு நாடாளுமன்றத்தில் மேனன் பக்கம் நின்று, தளபதியைக் குறை சொன்னார்.

1961-இல் திம்மையா ஓய்வு பெற்றார். மறு ஆண்டு சீனாவுடன் போர். போர்முனையில் படை நடத்திய அனுபவமில்லாத கௌலிடம் வடகிழக்கு எல்லையை ஒப்படைத்தார்கள். மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் நோயுற்ற அவர், தில்லிக்குத் திரும்பிப் படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டார். தோல்விச் செய்திகள் வர வர மேனன் பதவியிழந்தார், கௌலும் விலகினார்.

இதை வைத்து, பதவி உயர்வுக்கு மூப்பு மட்டுமே அளவுகோல் என்றும் சொல்லிவிட முடியாது. 1967-இல் மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியரான கே. தனபாலசிங்கத்துக்கு அப்போது வயது 31தான். அதுவரை அந்த நாற்காலியில் வெளிநாட்டு அதிகாரிகளே இருந்தார்கள். அவர் 1976 வரை கடற்படையை வழிநடத்தினார்.