குழந்தைகளின் தடுப்பூசி: சட்டமும் நம்பிக்கையும்

 



பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களின் கல்வியையும் ஒழுக்கத்தையும் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவது போல, அவர்களின் உடல்நலம் பற்றியும் விசாரிக்கப்படுவோம். ஆனால் போலியோ சொட்டு மருந்து, தட்டம்மைத் தடுப்பூசி என்றாலே சில பெற்றோருக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. இதை அரசு கட்டாயமாக்கலாமா? கட்டாயமாக்கினால் தயக்கம் நீங்கிவிடுமா? இவ்விரண்டையும் இன்று பார்ப்போம்.

வருமுன் காப்பது தவக்குலுக்கு முரணல்ல

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் புறப்பட்டு ‘ஸர்ஃக்’ என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. உடனே அவர்கள் உத்தரவு போட்டுவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். பிறகு அன்சாரிகளை, அதன்பின் குறைஷிப் பெரியவர்களை அழைத்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகே திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பசுமையான பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும், வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் இரண்டும் அவனுடைய விதிதானே என்று உதாரணமும் காட்டினார்கள். புகாரியில் பதிவான சம்பவம் இது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. நோயிலிருந்து காத்துக்கொள்வது ஈமானுக்குக் குறைவல்ல. இன்னொன்று, அதிகாரம் கையில் இருந்த கலீஃபாவே முதலில் ஆலோசனை கேட்டார்கள். கேள்வி எழுந்தபோது கோபப்படாமல் விளக்கம் சொன்னார்கள்.

அரசு கட்டாயப்படுத்தலாமா?

நம் நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. அதற்கு முன் அந்தப் பச்சைக் குழந்தைக்கு யார் பாதுகாப்பு? சுற்றியுள்ள பிள்ளைகள் தடுப்பூசி போட்டிருந்தால்தான் அதுவும் தப்பிக்கும். எனவே ஒரு வீட்டார் எடுக்கும் முடிவு அந்த வீட்டோடு முடிவதில்லை. தனக்கும் பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி.

இதனால்தான், 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொற்றுநோய்கள், தடுப்பூசிகள் போன்ற விஷயங்களில் ஆட்சியாளர் கட்டாயப்படுத்த இடமுண்டு என்று தீர்மானித்தது. ஆனால் ஆட்சியாளரின் நடவடிக்கை மக்களின் நலனோடு கட்டுப்பட்டது என்பதும் ஃபிக்ஹின் விதிதான். நலன் என்று சொன்னால் போதாது. மக்கள் நம்பும்படி நடக்கவும் வேண்டும்.

நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும்?

நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 1996-ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் ‘டிரோவன்’ என்ற மருந்தை 200 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வேறு மருந்து. 11 குழந்தைகள் இறந்தன. முறையாக ஒப்புதல் கேட்கவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2009-ல் கானோ அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசமானது.

அந்தக் காயம் ஆறாத ஊரில், போலியோ மருந்து பெண் பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி 2003-ல் பரவியது. கானோவில் சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தைக் கொண்டு 2004 ஜூலையில்தான் மீண்டும் தொடங்கியது. அதற்குள் வடக்கு நைஜீரியாவின் கிருமி எல்லை தாண்டிவிட்டது. 2005-ல் யமனில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அது முடமாக்கியது. சுமார் பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவிலும் 300 குழந்தைகள் வரை பாதிக்கப்பட்டார்கள்.

சகோதரர்களே! கானோ மக்களின் கோபத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஒரு பாவமும் அறியாத குழந்தைகள்.

பாகிஸ்தானையும் பாருங்கள். 2011-ல் அபோதாபாதில் அமெரிக்க உளவுத்துறை ஒரு போலித் தடுப்பூசி முகாமை உளவுக்குப் பயன்படுத்தியது. அதன்பின் உண்மையான ஊழியர்களையும் மக்கள் சந்தேகித்தார்கள். 2015-ல் பெஷாவரில் சொட்டு மருந்தை மறுத்த 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் கைது செய்யப்பட்டார்கள். சிறை போலியோவை ஒழிக்கவில்லை.

நம் நாட்டில் நடந்தது

2009-ல் இந்தியாவில் 741 போலியோ நோயாளிகள். அதிகம் பேர் உத்தரப் பிரதேசத்தில். அங்கே ஏழை முஸ்லிம் மஹல்லாக்கள் ஒரு கேள்வி கேட்டன: சாக்கடை இல்லை, மருத்துவமனை இல்லை, சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறீர்கள்? நியாயமான கேள்வி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் பணியில் இணைந்தன. இமாம்கள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அந்தந்தப் பகுதிப் பெண்களே வீடு வீடாகச் சென்று பேசினார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

ஹலாலா என்ற கேள்வி

இந்தோனேசிய உலமா சபை 2018-ல் ஒரு தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்பட்டதை மறைக்காமல் சொன்னது. மாற்று இல்லாத நிலையில் ‘ளரூரத்’ அடிப்படையில் அனுமதியும் தந்தது. கேள்வி வந்தால் ஆலிம்களும் மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரி.

நாம் செய்ய வேண்டியது

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை பிறருக்கு அனுப்பும் முன் இந்த வசனத்தை நினையுங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்பது உங்கள் உரிமை. குழந்தைக்கு ஏற்கெனவே ஏதேனும் நோயோ ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மருத்துவரை மஹல்லாவுக்கே அழைத்துப் பேச வைக்கலாம். தாய்மார்களும் கேட்க வசதி செய்யுங்கள்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்விளைவு ஏற்பட்டால் மறைக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தை அலைக்கழிக்காதீர்கள். கேள்வி கேட்கும் தாயை அறிவில்லாதவள் என்று விரட்டாதீர்கள். உமர் (ரலி) அவர்களே கேள்விக்குப் பதில் சொன்னார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எல்லா நோய்களிலிருந்தும் காப்பாயாக! உண்மையை உண்மையாக அறிந்து நடக்கும் தெளிவைத் தருவாயாக! ஆமீன்.