ஊர்கூடி அமைத்த முகப்பு

நுழையும்முன்

வீட்டைப் பழுதுபார்க்கும்போது குடியிருப்போர் சில நாள் வேறிடம் சென்று தங்கலாம். இரவு பகலாக உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்துசெல்லும் இணையதளத்தை அவ்வாறு மூடிவைக்க இயலாது. அதைப் புதுப்பிக்க முன்வந்தோர் ஊதியம் பெறாதவர்கள். வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர்கள். எவருடைய ஆணைக்கும் கட்டுப்படாதவர்கள். இத்தகையோர் ஒரு பெரும்பணியை எவ்வாறு திட்டமிடுவர்? 'டெபியன்' என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தினர் தம் இணையதளத்தைச் சீரமைத்த வரலாற்றின்வழி இதனை அறியலாம்.

வாசலும் வீடும்

கணினியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விலைகொடுத்துப் பெறும் இயங்குதளங்களின் மூலநிரலைப் பொதுவாகப் பிறர் காண இயலாது. டெபியன் அத்தகையதன்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இயன் முர்டாக் என்னும் மாணவர் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இத்திட்டத்தை அறிவித்தார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்குப் பெயர் சூட்டினார்.

விற்பனைக் கடையோ முகவரோ இல்லாத இத்திட்டத்திற்கு இணையதளமே வாசல். மென்பொருளைப் பெறவரும் புதியவர், ஐயம் தீர்க்க வரும் பயனர், பங்களிக்க விரும்பும் நிரலர் என அனைவரும் அவ்வாசல் வழியாகவே வருகின்றனர். வீடு எத்துணைச் சிறப்பாக இருப்பினும் வாசல் புலப்படாவிட்டால் வந்தவர் திரும்பிவிடுவர்.

ஆணையிட எவருமில்லை

1998இல் டெபியன் தனக்கென ஓர் அமைப்புவிதியை ஏற்றுக்கொண்டது. திட்டத்திற்காக இன்ன பணியைச் செய்தே ஆகவேண்டும் என எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. விருப்பமில்லாத பணியை ஒருவர் செய்யாது விடலாம். ஆனால், முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராகச் செயல்படலாகாது.

இவ்விதியை மனத்திற்கொண்டு நோக்கினால் இணையதளச் சீரமைப்பின் அருமை விளங்கும். நிறுவனத்தின் மேலாளர், அடுத்த திங்களுக்குள் இப்பணி முடியவேண்டும் எனக் கூறலாம். தன்னார்வலர் குழுவிலோ, பெயர்களையும் நாள்களையும் வரிசையாக எழுதிய அட்டவணை வெறும் விருப்பப்பட்டியலாகவே நிற்கும். ஒரு பக்கத்தை எழுதித் தருவதாக ஏற்றவருக்குத் தேர்வு வரலாம். புதிய வேலை கிடைக்கலாம். வீட்டில் முதியவர் நோயுறலாம். அவரைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை. அவர் இதுவரை தந்த உழைப்பும் கொடையே அன்றோ!

ஆகவே, இங்குத் திட்டமிடல் என்பது ஆள்களை ஒழுங்குபடுத்துவதன்று. வேலையை ஒழுங்குபடுத்துவதே ஆகும். ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில் ஒருவர் தனித்து முடிக்கத்தக்க சிறு கூறுகளாக வேலையைப் பகுக்கவேண்டும். பிற கூறுகள் முடியாவிடினும் முடிந்த கூறு பயன்தரவேண்டும். இடையில் ஒருவர் விலகினால் மற்றொருவர் விட்ட இடத்திலிருந்து தொடர வழியிருக்கவேண்டும். இதற்கு, எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதிவைத்தல் இன்றியமையாதது. வாய்மொழியாகப் பேசி முடித்தவை, பேசியவர் செல்லும்போது அவருடனேயே சென்றுவிடும்.

கொட்டகையின் நிறம்

வேலை தொடங்கும் முன்னரே விவாதத்தில் மூழ்கிப்போவது தன்னார்வக் குழுக்களை அச்சுறுத்தும் பெருந்தீங்கு. ஆங்கில எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் இதனை நகைச்சுவையுடன் விளக்கினார். அணுஉலை அமைக்கும் திட்டத்திற்கு விரைந்து ஒப்புதல் தரும் குழு, மிதிவண்டிக் கொட்டகை அமைப்பதைப் பற்றி நெடுநேரம் வாதிடுகிறது. அணுஉலை எவருக்கும் விளங்காது. கொட்டகையோ அனைவருக்கும் விளங்கும்! 1999இல் பிரீபிஎஸ்டி என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் பவுல்-ஹென்னிங் காம்ப் என்னும் நிரலர் இக்கருத்தை நினைவூட்டி எழுதினார். அதன்பின் 'கொட்டகையின் நிறம்' என்பது கணினி உலகில் வழக்குச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இணையதளம் அத்தகைய கொட்டகையே. கோப்புகளைத் தொகுக்கும் நிரலைப் பற்றிச் சிலரே கருத்துரைப்பர். தலைப்பின் நிறத்தைப் பற்றி ஆயிரம் பேருக்குக் கருத்துண்டு. 'எந்த நிறம் நன்று?' என்னும் வினாவுக்கு முடிவில்லை. 'இப்பக்கத்தைக் காண வருபவர் யார்? அவர் எதைத் தேடி வருகிறார்?' என்னும் வினாவுக்கு விடை காணலாம். விவாதத்தை முதல் வினாவிலிருந்து இரண்டாம் வினாவுக்கு நகர்த்துபவரே இப்பணியில் உண்மையான தலைவர். அவருக்குப் பதவி ஏதும் இல்லாமல் இருக்கலாம்.

யாருக்கான பக்கம்?

டெபியன் இணையதளம் இருமுறை பெருமாற்றம் கண்டது. முதல் மாற்றம் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், 'ஸ்குவீஸ்' எனப் பெயரிய ஆறாம் பதிப்பு வெளியானபோது நிகழ்ந்தது. ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஒரே தோற்றத்தில் இருந்த தளம், வடிவமைப்பாளர் ஒருவர் அளித்த புதுத் தோற்றத்தைப் பெற்றது. மென்பொருள் வெளியாகும் நாளையே தளத்திற்கும் எல்லையாக வைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. ஆணையிட எவரும் இல்லாத இடத்தில், அனைவரும் எதிர்நோக்கும் நன்னாள் ஆணையின் வேலையைச் செய்கிறது. தேரோட்ட நாள் குறித்துவிட்டால் வடம் திரிக்கும் வேலை தானே விரைவதைப் போன்றது இது.

இரண்டாம் மாற்றம் வேறு வகையானது. 2019 மார்ச்சுத் திங்களில் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் இணையதளக் குழுவினர் முதன்முறையாக நேரில் கூடிப் பணியாற்றினர். தளத்திற்குப் புதிதாக வருவோரை எண்ணி முகப்பை மாற்றியமைக்க முனைந்தனர். அதுவரை முகப்பு, டெபியனை முன்பே அறிந்தோர்க்கு ஏற்றதாக இருந்தது: பத்திபத்தியாக விளக்கமும் செய்திகளும் நிறைந்திருந்தன, பதிவிறக்கும் இணைப்போ ஒரு மூலையில் சிறிதாக இருந்தது. நாள்தோறும் வந்து பழகியவர்க்கு இதில் குறையேதும் தோன்றாது. ஒரு வீட்டின் வாசற்படி உயரமென்பது அங்கு வாழ்வோர்க்குத் தெரிவதில்லை, விருந்தினர்க்கே தெரியும்.

புதிய முகப்பு 2020 டிசம்பரில் வெளிவந்தது. மாட்ரிட் கூட்டத்திலிருந்து கணக்கிட்டால் 21 மாதங்கள்! டெபியன் என்பது மென்பொருள் மட்டுமன்று, அதை உருவாக்கும் மனிதர்களின் சமூகமும் ஆகும் என்பதை அம்முகப்பு முன்னிறுத்தியது.

தெரிந்து தெளிவோம்
டெபியனின் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' என்னும் அசைவூட்டத் திரைப்படத்தின் பாத்திரப் பெயர்களைச் சூட்டுவது மரபு. 'ஸ்குவீஸ்' என்பது அப்படத்தில் வரும் மூன்று கண்களையுடைய வேற்றுலக உயிரி.

களைதலின் அருமை

அந்த 21 மாதங்களில் முகப்பு வடிவம் மட்டுமே உருவாகவில்லை. காலங்கடந்த செய்திகளை நீக்குவதும் புதுப்பிப்பதும் பணியின் மற்றொரு பெரும்பகுதியாக இருந்தன. பார்வைக்குப் புலப்படாத இப்பகுதியே கடினமானது எனலாம்.

பழைய பக்கம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உறக்கம் துறந்து எழுதியது. எழுதியவர் இன்று குழுவில் இல்லாமல் இருக்கலாம். அவர் எழுத்தை நீக்கக் கை தயங்கும். எனினும், வழக்கொழிந்த குறிப்பொன்றை நம்பிப் பின்பற்றும் புதியவர் ஒரு நாளையே வீணாக்கித் தம் அறியாமையே காரணமென்று கருதி விலகிவிடக்கூடும். எழுதியவர்க்குச் செய்யும் மரியாதையும் வாசிப்பவர்க்குச் செய்யும் கடமையும் இங்கு மோதுகின்றன. டெபியன் 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், பயனரின் நலனும் கட்டற்ற மென்பொருளுமே தன் முதன்மைகள் என அறிவித்திருந்தது. அவ்வொப்பந்தம் இம்மோதலில் எப்பக்கம் சாயவேண்டும் என்பதைக் காட்டுகிறது. மேலும், நீக்கப்பட்ட வரிகள் அழிந்துபோவதில்லை. தளத்தின் மாற்றங்கள் யாவும் நாளுடனும் பெயருடனும் பதிவாகும் பதிப்புக் காப்பகத்தில் அவை இருந்துகொண்டே இருக்கும். இவ்வசதி நீக்குபவருக்குத் துணிவைத் தருகிறது.

பல மொழி, ஒரே முகவரி

டெபியன் தளத்தின் பக்கங்கள் பல மொழிகளில் உள்ளன. வாசகரின் உலாவியில் எந்த மொழி விருப்பமொழியாகக் குறிக்கப்பட்டுள்ளதோ, அம்மொழிப் பக்கம் இருந்தால் ஒரே முகவரியிலிருந்து அதுவே அவருக்கு வந்துசேரும். டெபியனைக் கணினியில் நிறுவும் மென்பொருள் தமிழிலும் பேசும்.

மூலப்பக்கத்தில் ஒரு சொற்றொடரை மாற்றினால் அத்தனை மொழிபெயர்ப்புகளும் பழையனவாகிவிடும். எனவே ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும், மூலத்தின் எந்தப் பதிப்பைக் கொண்டு அது செய்யப்பட்டது என்னும் குறிப்பு இடம்பெறுகிறது. மூலத்திற்கும் மொழிபெயர்ப்புக்கும் இடைவெளி மிகும்போது, இப்பக்கம் பழையது என்னும் எச்சரிக்கையை வாசகர் காண்கிறார். குறையை மறைக்காது கூறும் இவ்வேற்பாடு மொழிபெயர்ப்பாளரைப் பழிப்பதில்லை. அடுத்து எங்குக் கைகொடுக்கவேண்டும் என்பதைக் காட்டுகிறது. முகப்பை மாற்றத் திட்டமிடுபவர், சொற்களைச் செப்பம்செய்யும் ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள ஒருவரின் மாலைப்பொழுதைச் செலவிடுகிறார். சொற்களை முதலில் உறுதிசெய்து, பின்னரே மொழிபெயர்க்கத் தருவது அவருக்குரிய கடமை.

இணைய முகவரிகளிலும் இத்தகைய எண்ணம் வேண்டும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என 1998இலேயே வலியுறுத்தினார். நூல்களிலும் பிற தளங்களிலும் அச்சான முகவரியை எவராலும் தேடிச்சென்று திருத்த இயலாது. பக்கத்தை இடம்மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்திற்கு அழைத்துச்செல்லும் வழி ஒன்றையும் அமைக்கவேண்டும்.

புதிய முகப்பு வெளியானவுடன் இப்பணி முடிந்துவிடவில்லை. மென்பொருளின் பிழைகளைப் போலவே இணையதளத்தின் பிழைகளையும் டெபியனின் பொதுப் பிழைப்பதிவேட்டில் எவரும் எழுதலாம். அதை எவரும் படிக்கலாம். உடைந்த இணைப்பைக் கண்டு அங்கு எழுதும் ஒருவர், அடுத்த முறை அதைத் திருத்தியும் அனுப்புகிறார். அதற்கு அவர் எவருடைய அனுமதியையும் பெறவேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளியின் இணையதளத்தையோ அறிவிப்புப் பலகையையோ முதன்முறையாகக் காணும் பெற்றோர் ஒருவர் எதைத் தேடுவார், அது எங்கு உள்ளது என்பதைக் கண்டறிந்து, மாற்றத் திட்டம் ஒன்றை ஒருவர் ஒரு பிற்பகலில் முடிக்கத்தக்க கூறுகளாகப் பகுத்து எழுதுக.

'பழைய பக்கத்தை நீக்குவதா, காப்பதா?' என்னும் பொருளில் எழுதியவர் சார்பாகவும் வாசிப்பவர் சார்பாகவும் வகுப்பில் உரையாடுக.